டிரிப் சிஸ்டத்துக்கு எத்தனை 'சில்' வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளன். ஆலைகளில் இன்டர்லாக், டிரிப், அவசர நிறுத்தம் போன்றவை எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டங்களில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர், எந்த ஆலை என்றாலும் தேநீர் இடைவேளையில் கேட்கப்படுவது அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். புரிவதற்கு வசதியாக ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்: பைப்லைன் வழியாகப் பெட்ரோல் வந்து நிரம்பும் ஒரு பெரிய டேங்க். மட்டம் அளவுக்கு மீறி ஏறினால், பெட்ரோல் உள்ளே வரும் வால்வைத் தானாக மூட வேண்டும். ஆபத்து வரும்போது இப்படித் தானாக நிறுத்துவதைத்தான் டிரிப் என்கிறோம்.

"எல்லாரும் சில், சில் என்கிறார்கள். அது என்னதான் சார்?"

பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தேவைப்படும் நேரத்தில் எவ்வளவு நம்பலாம் என்பதற்கான படிநிலைதான் அது. சேஃப்டி இன்டெக்ரிட்டி லெவல் (SIL) என்பதை ஆலைகளில் சுருக்கமாக 'சில்' என்பார்கள். 1 முதல் 4 வரை உண்டு. சில் 1 என்றால், பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறையாவது வேலை செய்ய வேண்டும். சில் 2-க்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, சில் 3-க்கு ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒவ்வொரு படிக்கும் தவறும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேலை வராத அமைப்புகளுக்கு இந்தக் கணக்கு.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) தரநிலைகளில், எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான ஐஇசி 61508 1998 முதல் 2000 வரை பகுதி பகுதியாக வந்தது. ரசாயனம், எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கான ஐஇசி 61511 2003-ல் வந்து, 2016-ல் திருத்தப்பட்டது. நாம் பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றி.

"எதை வைத்து இதற்கு 1, அதற்கு 2 என்று சொல்கிறீர்கள்?"

ஒரு பக்கம், எந்தப் பாதுகாப்பு டிரிப்பும் இல்லாவிட்டால் அந்த விபத்து எத்தனை வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் என்ற மதிப்பீடு. இன்னொரு பக்கம், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் எழுதிவைத்த இலக்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது இடைவெளி. பத்து முதல் நூறு மடங்கு இடைவெளி இருந்தால் சில் 1, நூறு முதல் ஆயிரம் என்றால் சில் 2, அதற்கும் மேலே போனால் சில் 3.

சில் என்பது உங்கள் ஆலையில், குறிப்பிட்ட ஒரு விபத்துக்கு எதிரே உள்ள இடைவெளியின் அளவு. ஒரு கருவிக்குக் கிடைத்த பட்டம் போல அதைப் பார்க்கும்போதுதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன. கீழே வரும் பல கேள்விகளுக்கு இங்கேதான் வேர் இருக்கிறது.

"ஹாஸாப் ஏற்கெனவே செய்துவிட்டோமே, மறுபடி இது எதற்கு?"

ஹாஸாப் 1960-களில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் உருவான முறை. ஒவ்வொரு குழாயையும் கலனையும் எடுத்து 'ஓட்டம் இல்லை', 'அதிகம்', 'குறைவு', 'எதிர்த் திசை' என்று வார்த்தைகளை வைத்துக் கேட்டு, எது எப்படிக் கெடலாம் என்று கண்டுபிடிக்கும். என்ன தப்பு நடக்கும் என்பதை அது சொல்லும். அதைத் தடுக்கும் டிரிப் எவ்வளவு திடமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. ஹாஸாப் அட்டவணையில் 'மட்டம் அதிகம், டேங்க் வழிதல், தீ' என்று இருக்கும் அந்த ஒரு வரியிலிருந்துதான் நம்முடைய வேலை தொடங்குகிறது.

ஹாஸாப் அவசரத்தில் செய்யப்பட்டிருந்தால் அடுத்து என்ன செய்தாலும் பயனில்லை. அங்கே எழுதாமல் விட்ட காரணத்துக்கு இங்கே யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

"பொறுத்துக்கொள்ளக்கூடிய அபாயம் என்கிறீர்கள். மனித உயிருக்கு எப்படி எண் போடுவது?"

நியாயமான கேள்வி. கேட்பவர் குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும், இருக்கவும் வேண்டும். எண் போடாவிட்டாலும் நாம் முடிவு எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எந்த டேங்குக்கு வால்வு, எதற்கு வெறும் அலாரம் என்று தீர்மானிக்கும்போதே அந்த எண் உள்ளே ஒளிந்திருக்கிறது. எழுதிவைத்தால் கேள்வி கேட்க முடியும் என்பதுதான் ஆதாயம்.

பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை 2001-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு தொழிலாளிக்கு வேலையால் உயிர் போகும் வாய்ப்பு வருடத்துக்கு ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் பொதுவாக ஏற்க முடியாது. வேலிக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்கு அது பத்தாயிரத்தில் ஒன்று. பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே போனால்தான் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்கிறார்கள். நடுவில் இருக்கும் பகுதியில், இன்னும் குறைக்க நியாயமான வழி இருந்தால் குறைத்தே ஆக வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்பது ஒருவர் சந்திக்கும் எல்லா ஆபத்துகளுக்கும் சேர்த்து. அதனால் ஒரு தனி விபத்துக்கான இலக்கை அதைவிடக் குறைந்தது பத்து மடங்கு இறுக்கமாக வைப்பது வழக்கம். இந்த எண்ணை நிர்வாகம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள் அங்கேயே பேசி முடிவு செய்யக் கூடாது.

"ரிஸ்க் கிராஃப் போதுமா, லோபாவே வேண்டுமா?"

ரிஸ்க் கிராஃப் ஜெர்மன் தரநிலை ஒன்றிலிருந்து வந்தது. நான்கு கேள்விகள்: விளைவு எவ்வளவு மோசம், ஆள் அங்கே அடிக்கடி இருப்பாரா, தப்பிக்க வழி உண்டா, எவ்வளவு அடிக்கடி நடக்கும். பதிலுக்கு ஏற்ற கிளையில் போனால் கடைசியில் ஒரு சில் எண் நிற்கும். நூற்றுக்கணக்கான டிரிப்கள் உள்ள ஆலையில் ஒரே நாளில் நிறையப் பார்த்துவிடலாம். ஆனால் 'அடிக்கடி', 'எப்போதாவது' என்ற சொற்களுக்கு உங்கள் ஆலையில் என்ன எண் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாத கிராஃபில் காலையில் சில் 2 என்று வந்தது மாலையில் சில் 1 ஆகிவிடும். களைப்பும் ஒரு காரணம், இது நான் பலமுறை பார்த்தது.

லோபா என்பது ஒவ்வொரு காரணத்தையும், அதற்கு எதிரே நிற்கும் ஒவ்வொரு பாதுகாப்பு அடுக்கையும் தனித்தனியாக எண்ணோடு எழுதும் முறை. நேரம் பிடிக்கும். என் வழக்கம்: முதலில் கிராஃபால் சலித்து, சில் 2-ஓ அதற்கு மேலோ வருபவற்றை மட்டும் லோபாவுக்கு எடுத்துக்கொள்வது. கிராஃப் சற்றுக் கடுமையாகவே அளவிடப்பட்டிருந்தால்தான் இது சரிவரும், இல்லாவிட்டால் ஆபத்தானவை சல்லடையில் நழுவிவிடும்.

"ஒரு முறை லோபா போட்டுக் காட்டுங்களேன்."

சரி, நம் பெட்ரோல் டேங்க். எண்கள் உதாரணத்துக்கானவை, ஆனால் நடைமுறையில் பார்க்கும் அளவில்தான் இருக்கின்றன. இலக்கு: வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, அதாவது 0.0001.

டேங்க் வழிய இரண்டு காரணங்கள். ஒன்று, மட்டம் காட்டும் கேஜ் மாட்டிக்கொண்டு நிற்பது, பத்து வருடத்துக்கு ஒரு முறை, 0.1. இரண்டு, டேங்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஆபரேட்டர் தப்பாகக் கணக்கிடுவது, அதுவும் 0.1 என்று வைப்போம். வழிந்த பெட்ரோல் ஆவி தீப்பற்றும் வாய்ப்பு 0.5, அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்கும் வாய்ப்பு 0.2. இரண்டையும் பெருக்கினால் 0.1.

முதல் காரணத்தில் கேஜே பொய் சொல்கிறது. அந்தக் கேஜிலிருந்து வரும் அலாரமும் அடிக்காது. ஆக எந்த அடுக்கும் இல்லை: 0.1 × 0.1 = 0.01. இரண்டாவதில் கேஜ் நன்றாக இருக்கிறது, அலாரம் அடிக்கும், ஆபரேட்டர் பத்தில் ஒன்பது முறை நிறுத்திவிடுவார் என்று ஒரு அடுக்குக் கொடுக்கலாம்: 0.1 × 0.1 × 0.1 = 0.001. கூட்டினால் 0.011. இதை 0.0001-ஆல் வகுத்தால் 110 மடங்கு இடைவெளி. ஆக இந்த டேங்குக்குத் தனியான ஒரு மட்ட ஸ்விட்சும் வால்வும் சேர்ந்த சில் 2 டிரிப் தேவை.

"கேஜ் கெட்டாலும் ஆபரேட்டர் இருக்கிறாரே, அனுபவசாலி. அவரைக் கணக்கில் எடுக்கக் கூடாதா?"

எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் காரணத்துக்கும் அலாரத்துக்காக ஒரு 0.1 கொடுத்தால் மொத்தம் 0.002 ஆகிறது. இடைவெளி 110-லிருந்து 20-ஆக இறங்கிவிடும், சில் 2 சில் 1 ஆகிவிடும். பேப்பரில் ஒரு பெட்டியில் 'ஆம்' என்று போட்டதற்கு இந்தச் சலுகை. டேங்கில் எதுவும் மாறவில்லை.

ஆபரேட்டரின் அனுபவத்தை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பார்ப்பது கேஜ் தரும் எண்ணைத்தான். ஒரு அடுக்கைக் கணக்கில் சேர்க்க, அது காரணத்தோடும் மற்ற அடுக்குகளோடும் எந்தப் பாகத்தையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஒரே டிரான்ஸ்மிட்டர் (அளந்து சிக்னல் அனுப்பும் கருவி), ஒரே கண்ட்ரோலர், ஒரே வால்வு, சில சமயம் ஒரே மனிதர், எதுவாகவும் இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நான் வாங்கிய திட்டுகள் கொஞ்சமில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் இதுதான்.

"தீப்பற்றும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன? இங்கே எல்லாம் ஃப்ளேம்ப்ரூஃப் தானே, உள்ளே பொறி வந்தாலும் வெளியே தீ பரவாதே?"

எண்ணைத் தளர்த்த ஆசை வரும் இடம் இது. 0.5-ஐ 0.05 ஆக்கினால் ஒரு முழு சில் காணாமல் போகும். சிறிய கசிவுக்கு வேண்டுமானால் குறைந்த எண் பொருந்தலாம். ஒரு டேங்க் அரை மணி நேரம் வழிந்தால் ஆவி வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போகும். அங்கே ஓடும் வண்டி ஃப்ளேம்ப்ரூஃப் இல்லை. எந்த எண் போட்டாலும் அதற்கான காரணத்தைப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் 1 என்று போடுங்கள்.

"சில் 2 சான்றிதழ் உள்ள டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிட்டோம். அப்புறம் என்ன?"

அந்தச் சான்றிதழ், சில் 2 அமைப்பில் இந்தக் கருவியைப் பயன்படுத்தத் தகுதி உண்டு என்று சொல்கிறது. உங்கள் அமைப்பு சில் 2 என்று சொல்லவில்லை. சென்சார், முடிவெடுக்கும் லாஜிக், வால்வை இயக்கும் சொலினாய்டு, வால்வு எல்லாவற்றின் தவறும் வாய்ப்பையும் கூட்டித்தான் மொத்தம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதிகப் பங்கு வால்வுக்குத்தான். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வால்வு, கூப்பிட்ட அன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த டிரான்ஸ்மிட்டரும் பழைய வால்வும் சேர்ந்த லூப்பில், அதாவது சென்சார் முதல் வால்வு வரையிலான சங்கிலியில், நம்பகம் வால்வின் அளவுக்குத்தான் இருக்கும்.

"எங்கள் ஷட்டவுன் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. சோதனையும் அப்போதே செய்துகொள்ளலாமா?"

கணக்கு எளிது. மறைவாகக் கெடும் வேகத்தைச் சோதனை இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் சராசரித் தவறும் வாய்ப்பு வரும். நம் லூப் முழுவதும் ஐம்பது வருடத்துக்கு ஒரு முறை யாருக்கும் தெரியாமல் கெடும் என்று வைப்போம், அதாவது வருடத்துக்கு 0.02. ஐந்து வருடத்துக்கு ஒரு சோதனை என்றால் 0.02 × 5 ÷ 2 = 0.05. அது சில் 1 தான். வருடம் ஒரு முறை சோதித்தால் 0.01. சில் 2-இன் வாசல் வரை வந்துவிட்டது, ஆனால் நமக்கு வேண்டியது 110-இல் ஒன்று, அதாவது சுமார் 0.009. போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றால் 0.005, தேறிவிடும்.

ஒரே கருவிகள், ஒரே வயரிங். சோதனை அட்டவணை மட்டும்தான் மாறியது. அதனால்தான் லோபா முடிந்த அன்றே பராமரிப்புத் துறையைக் கூப்பிட்டு, 'இந்த இடைவெளியில் உங்களால் சோதிக்க முடியுமா' என்று கேட்கச் சொல்வேன். இதிலும் ஒரு விஷயம்: சிக்னலைப் பொய்யாகக் கொடுத்து ரிலே விழுகிறதா என்று பார்ப்பது முழுச் சோதனை ஆகாது. மிதவை நிஜமாக உயர வேண்டும், வால்வு நிஜமாக மூட வேண்டும்.

"ரெண்டு டிரான்ஸ்மிட்டர் போட்டால் தானாக சில் ஏறிவிடாதா?"

ஏறும், நினைக்கிற அளவுக்கு ஏறாது. வருடத்துக்கு 0.02 கெடும் இரண்டு கருவிகளில் ஏதாவது ஒன்று சொன்னால் போதும் என்று வைத்து, வருடம் ஒரு முறை சோதித்தால், இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து தவறும் வாய்ப்பு சுமார் 0.00013. பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஒரே பிராண்ட், ஒரே குழாய் முனை, ஒரே மெழுகு அடைப்பு, ஒரே டெக்னீஷியனின் ஒரே தவறு என்று பொதுவான காரணத்தில் பத்து சதவீதம் சேர்ந்தே கெடும் என்றால், அது மட்டுமே 0.001. முதல் எண் இதற்கு முன் காணாமல் போகிறது. இரண்டு வேறு வகைக் கருவிகள், வேறு வேறு முனைகள், முடிந்தால் வேறு வேறு நாளில் சோதனை. பணத்தை அதில் போடுங்கள்.

மூன்றில் இரண்டு சொன்னால் டிரிப் என்ற அமைப்பு, ஒரு கருவி கெட்டதற்காக ஆலை வீணாக நிற்பதைத் தடுக்கத்தான் பெரும்பாலும் வைக்கப்படுகிறது. அதுவும் பாதுகாப்பு விஷயமே. அடிக்கடி பொய்யாக விழும் டிரிப்பைக் கடைசியில் யாராவது கட்டிப்போட்டுவிடுவார்கள்.

"டிரிப் விழுந்தது, வால்வும் மூடியது, ஆனாலும் வழிந்தது. இது எந்தக் கணக்கில் வரும்?"

நம்பகக் கணக்கில் வராது, நேரக் கணக்கில் வரும். ஒரு கூட்டத்தில் எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் நேரம், மூலையில் உட்கார்ந்திருந்த ஷிஃப்ட் ஆபரேட்டர், 'அந்த வால்வு மூட ரெண்டு நிமிஷம் ஆகும் சார்' என்றார். எங்கள் தாளில் பதினைந்து விநாடி என்று இருந்தது. வேகமாக மூடினால் குழாயில் அதிர்ச்சி அலை வரும் என்று யாரோ வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள், அதுவும் சரியான காரணத்துக்காகவே.

மணிக்கு 900 கன மீட்டர் வரும் பைப்லைனில் இரண்டு நிமிடம் என்றால் 30 கன மீட்டர். 25 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் அது சுமார் ஆறு சென்டிமீட்டர் உயரம். அலாரத்துக்கு ஆபரேட்டர் பதில் தரப் பத்து நிமிடம் கொடுத்தால் இன்னொரு முப்பது சென்டிமீட்டர். டிரிப் மட்டத்தையும் அலாரம் மட்டத்தையும் மேலிருந்து கீழாக இப்படி நேரத்தால் இறக்கி வைக்க வேண்டும். கூட்டத்தில் யார் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: அந்த வால்வைக் கையால் தொட்டவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

"மெஷின்களுக்கும் இதேதானா? சில் 4 எங்கே வரும்?"

பிரஸ், ரோபோ போன்றவற்றுக்கு ஐஎஸ்ஓ 13849 என்ற வேறு தரநிலை உண்டு, அங்கே ஏ முதல் ஈ வரை படிகள். அங்கே காவல் கதவு நாளுக்கு நூறு முறை திறக்கலாம், அதனால் மணிக்கு எத்தனை தடவை ஆபத்தாகக் கெடும் என்று பார்ப்பார்கள். ரசாயன ஆலையில் சில் 4 என்று விடை வந்தால் கருவி தேடாதீர்கள். சரக்கின் அளவைக் குறையுங்கள், அழுத்தம் தாங்கும் கலனாக மாற்றுங்கள், வடிவமைப்பையே திரும்பப் பாருங்கள்.

"பராமரிப்புக்காகக் கொஞ்ச நேரம் பைபாஸ் போட்டால் தப்பா?"

போடலாம், அதாவது டிரிப்பைத் தற்காலிகமாகச் செயல்படாமல் வைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் சில் பூஜ்யம். அதற்கு மாற்று என்ன, எத்தனை மணி நேரம், யார் அனுமதி என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

போபாலில் 1984 டிசம்பர் 2-3 இரவில் நடந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் ஃப்ளேருக்குப் போகும் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் இருந்தது. தண்ணீர்ப் பீய்ச்சி வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. வரைபடத்தில் நான்கு அடுக்குகள், அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. நான் லோபா தாளில் ஒரு அடுக்குக்கு 0.1 எழுதும் ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வரும். அந்த 0.1, அடுக்கு இயங்கும் நிலையில் இருக்கும்போது மட்டும்தான் உண்மை.

"கேஜ் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் கெடும் என்று எழுதினீர்கள். அது சரியா என்று எப்படித் தெரியும்?"

எனக்குக் கேட்கப்பட்டதிலேயே சிறந்த கேள்வி இது. கேட்டவர் ஒரு பயிற்சிப் பொறியாளர். எழுதும் அன்று தெரியாது, ஆலை ஓடும்போதுதான் தெரியும். கணக்கில் எடுத்த வேகமும் நிஜத்தில் நடக்கும் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும் என ஐஇசி 61511-உம் கேட்கிறது.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலையில், 912-ஆம் எண் டேங்க் நிரம்பிக்கொண்டிருந்தது. மூன்று மணி சுமாருக்குக் கேஜ் ஒரே அளவில் நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. தனியாக வைத்திருந்த உயர்மட்ட ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. அதில் சோதனைக்கான ஒரு லிவர் உண்டு, சோதித்தபின் அதைச் சரியான நிலையில் பூட்டு போட்டு நிறுத்த வேண்டும். அந்தப் பூட்டு வேறு யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் என்று நினைத்து, போடாமல் விட்டிருந்தார்கள். சுமார் 2,50,000 லிட்டர் பெட்ரோல் வழிந்து, காலை 6:01-க்கு வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியல் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. வார நாளாக இருந்திருந்தால் பக்கத்து அலுவலகங்களில் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அந்தக் கேஜ் ஆகஸ்ட் 31 முதல் அன்று வரை 14 முறை மாட்டியிருக்கிறது. மூன்றரை மாதத்தில் பதினான்கு! நம் லோபாவில் 0.1 என்று எழுதிய இடத்தில் வருடத்துக்கு நாற்பதுக்கும் மேல் என்று வரும். அவ்வளவு அடிக்கடி வேலை வரும் டிரிப்புக்கு முதல் கேள்வியில் சொன்ன 'வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இல்லை' என்ற அடிப்படையே பொருந்தாது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கேஜைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்.

அதனால் அந்தப் பயிற்சிப் பொறியாளரிடம் சொன்னேன்: லோபா தாளில் இருக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் கண்ட்ரோல் ரூம் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் ஒதுக்கு. கேஜ் நின்றால் தேதி, டிரிப் விழுந்தால் தேதி, சோதனையில் வால்வு ஒட்டினால் தேதி. 0.1 என்று எழுதிய காரணத்தின் பக்கத்தில் ஒரே வருடத்தில் இரண்டாவது தேதி விழுந்தால், அந்த வாரமே தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வா.